காற்றின் பெயரை யார் சொல்லிக்கொடுப்பது?

மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரைப் பிரித்துப் பார்த்தாலே ஒரு பாடம் கிடைக்கும். தொடுவாய் என்பது உள்நீர் கடலைத் தொடும் வாய். மாரியில் வெள்ளம் பெருகினால் அப்படியான வாய் திறக்கும். கோடையில் காற்றும் அலையும் மணலைக் கொண்டுவந்து குவிக்க, அது மூடிக்கொள்ளும். ஓலை என்ற சொல் பனையை நினைவூட்டுகிறது. நீர் எங்கே வழிந்தோடும், மணல் எங்கே குவியும், கூரைக்கும் பாய்க்கும் எது கிடைக்கும் என்பதையெல்லாம் பெயரிட்டவர்கள் ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அயலிலுள்ள பெயர்களும் அவ்வாறே. எருக்கலம்பிட்டியில் எருக்கலையும் பிட்டியும் உண்டு. செடியும் அது முளைக்கும் மேட்டு நிலமும். தாழ்வுபாட்டில் உள்ள பாடு, கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டுக்கு நம்மவர் வழங்கும் சொல். பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் அதற்கு இராட்சதக் குளம் என்று பெயர் வைத்தார்கள். ஊராரின் பெயர் கட்டிய கரையைச் சொல்கிறது. வந்தவரின் பெயர் வியப்பை மட்டுமே சொல்கிறது. இடப்பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மன்னார் முழுவதும் ஒரு பாடப்புத்தகம். அந்தப் புத்தகத்தைப் படித்துக்காட்டும் ஆட்கள் குறைந்து வருகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கவலை.

காற்றிலிருந்து தொடங்குவோம். இலங்கையின் தமிழ்க் கரைகளில் காற்றுக்கு நான்கு பெயர்கள் உள்ளன. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து எழும்புவது சோளகம். மேற்கிலிருந்து அடிப்பது கச்சான். இவற்றில் வாடையும் கொண்டலும் பழந்தமிழில் இருந்த பெயர்களே. பழந்தமிழில் தெற்குக்குத் தென்றலும் மேற்குக்குக் கோடையும் இருந்தன. கடலோடி அவ்விரண்டின் இடத்தில் சோளகத்தையும் கச்சானையும் வைத்துக்கொண்டான். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. தென்றலைப் பாடியவர்கள் கரையில் நின்றவர்கள். வள்ளத்தில் நின்றவனுக்கு அந்தக் காற்று அவ்வளவு மென்மையானதாக இருந்ததில்லை.

எமது பாடசாலைப் புத்தகம் இதை வேறு விதமாகச் சொல்கிறது. மார்ச், ஏப்ரலில் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால், தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையைத் தரும் என்று படிக்கும் மன்னார்ப் பிள்ளை வகுப்பறைக்கு வெளியே வந்து பார்த்தால் மழையைக் காணாது. கொழும்பையும் களுத்துறையையும் நனைக்கும் அதே பருவம் மன்னாருக்குக் காற்றையும் புழுதியையுமே தருகிறது. இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் பெய்து முடிந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியே இந்தக் கரைக்குப் பொருத்தமானது. ஆடி மழை இங்கே இல்லை. புத்தகம் நாட்டைப் பற்றிச் சரியாகச் சொல்கிறது. ஊரைப் பற்றிச் சொல்ல அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் வாப்பாமாரும் பாட்டன்மாரும்.

தீவின் அமைப்பையும் பார்க்க வேண்டும். மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் ஒரு பக்கம் பாக்குக் கடல். மறுபக்கம் மன்னார் வளைகுடா. சோளகக் காலத்தில் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக்குக் கடல் பக்கம் கலங்கும். எதிர்க்கரையில் இராமேசுவரத்து மீனவர் இவ்விரண்டையும் ஆண்கடல், பெண்கடல் என்பர். ஒரே தீவில் இரண்டு கடல் இருப்பதால், எந்த மாதத்தில் எந்தக் கரையில் வாடி போடுவது, எப்போது வள்ளத்தை மறுகரைக்குக் கொண்டுபோவது என்பது பிழைப்பின் கேள்வியாகிறது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவரும் பருவம் பார்த்து மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து வாடியடித்துத் தங்குவது நீண்டகால வழக்கம். காற்றின் பெயர் தெரியாதவன் அந்த நாட்காட்டியில் வாழ முடியாது.

நாட்காட்டி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முஸ்லிம் கடலோடி இரண்டு நாட்காட்டிகளைக் கையில் வைத்திருந்தான். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை. காற்றுக்கும் மீனுக்கும் சித்திரை, ஆனி, ஆடி, ஐப்பசி என்ற தமிழ் மாதங்கள். பிறைக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், சிறுவயதில் வாடையில் நோன்பு பிடித்தவன் நடுவயதில் சோளகத்தில் நோன்பு பிடிப்பான். றமழான் எந்தக் காற்றில் வரும் என்று மார்க்க நாட்காட்டி சொல்லாது; அது அதன் வேலையும் அல்ல. ஆனால் பிறையும் தொழிலுக்குப் புறம்பானதல்ல. வெள்ளுவா, காருவா என்று முழுமதிக்கும் அமாவாசைக்கும் பழைய பெயர்கள் இருந்தன. அந்நாட்களில் கடலின் ஏற்றமும் இறக்கமும் கூடும், நீரோட்டம் வலுக்கும். ஆக, மாதத்தைச் சூரியனிலும் நாளைச் சந்திரனிலும் பார்க்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

அரபு மாலுமிகளும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். ஹிஜ்ரி ஆண்டைக் கொண்டு பருவக்காற்றைக் கணிக்க முடியாது என்பதால், பாரசீக நைரூஸ் நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாய் விரித்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் தன் கடல் நூல்களில் அப்படித்தான் புறப்படும் நாட்களைக் குறிக்கிறார். நட்சத்திரத்தின் உயரத்தை அவர் விரற்கடையால் அளந்தார். தன் பாடங்களில் பெரும்பகுதியை அவர் செய்யுளில் இயற்றினார் என்பது இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 1462இல் இயற்றிய அவருடைய நெடுஞ்செய்யுள் ரஜஸ் யாப்பில் அமைந்தது. கப்பல் ஆடும்போது ஏட்டைப் புரட்ட முடியாது. மனப்பாடமாக இருந்தால்தான் உதவும். நமது கரைகளில் வலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களும் ஓரளவு அந்தப் பணியைச் செய்தன. கையை ஒழுங்குபடுத்துவது அவற்றின் முதல் வேலை. கூடவே பாடும் சிறுவனின் காதில் காற்றின் பெயரும் மீனின் பெயரும் விழுந்துகொண்டிருந்தன.

இந்த அறிவு எவ்வளவு பெரிய பொருளாதாரத்தைத் தாங்கி நின்றது என்பதற்கு முத்துக்குளிப்பே சான்று. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரில் இன்றும் அந்தச் சொல்லின் ஒலி கேட்கிறது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன் முத்துகள் குவிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறியபோதும் குளிப்பின் காலம் மாறவில்லை. வாடை ஓய்ந்து சோளகம் எழும்பாத இடைவெளியில், பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையான சில வாரங்கள்தான் கடல் அசையாமல் கிடக்கும். அந்தச் சில வாரங்களுக்குள்ளும் நாளின் கணக்கு ஒன்றிருந்தது. நள்ளிரவுக்குப் பின் தரையிலிருந்து வீசும் காற்றில் வள்ளங்கள் பாருக்குப் புறப்படும். விடிந்ததும் குளிப்புத் தொடங்கும். மதியத்துக்குப் பின் கடலிலிருந்து எழும் காற்று அவற்றைக் கரைக்குக் கொண்டுவரும். கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி ஆட்களும் வளைகுடா அரபிகளும் அரிப்புக் கரையில் கூடியபோது அவர்கள் அனைவருக்கும் பொதுவான சட்டம் இந்தக் காற்றே.

கடலுக்கடியில் உள்ள பார்களுக்கும் பெயர்கள் இருந்தன. பெரியபார், செவல்பார், வங்காலைப்பார் என்று அவை இன்றும் பழைய வரைபடங்களில் நிற்கின்றன. 1902இல் ஆங்கில அரசின் அழைப்பில் வந்த விலங்கியல் பேராசிரியர் ஹேர்ட்மன், தன் துணைவர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் இந்தப் பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவருடைய அறிக்கையில் ஒரு சுவையான குறிப்பு உண்டு. பெரியபாரில் குஞ்சுச் சிப்பிகள் எண்ணிலடங்காமல் வந்து படியும், முதிர்வதற்குள் காணாமற்போகும். ஊரவர் அதைத் தாய்ப்பார் என்றார்கள். குஞ்சுகள் அங்கிருந்து நகர்ந்து உட்பார்களுக்குப் போகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஹேர்ட்மன் அதை ஏற்கவில்லை. திறந்த கடலை நோக்கிய அந்தப் பாரைத் தென்மேல் பருவக்காற்றின் அலைகள் அள்ளிச் செல்கின்றன என்பது அவர் விளக்கம். ஆயினும் அந்தக் குஞ்சுகள் அழியுமுன் அவற்றை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் விதைக்கலாம் என்று அவரே பரிந்துரைத்தார். ஊரவர் விளக்கம் தவறாக இருக்கலாம். எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பல தலைமுறையாக ஒரே இடத்தைக் கவனித்தவர்களின் அறிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காரணம் பிழைக்கலாம், கவனிப்புப் பிழைப்பதில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பழையது எல்லாமே அறிவு என்று கொண்டாடுவது சரியல்ல. முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அவர் கையில் இருப்பதாக நம்பினார்கள். அவர் இல்லாவிட்டால் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்ததால் ஆங்கில அரசும் அவருக்குக் கூலி கொடுத்தது. மந்திரம் சுறாவைக் கட்டவில்லை. மனிதனின் பயத்தைக் கட்டியது. அதற்கும் ஒரு பயன் இருந்தது என்றாலும், அதைக் காற்றுக் கணக்கோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லலாம். வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1905இல் எட்டுக் கோடி அளவு சிப்பிகள் அள்ளப்பட்டன. 1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கில நிறுவனத்திடம் போயின. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. நிறுவனமும் சில ஆண்டுகளில் நொடித்தது. பெரும் சிலாபங்களின் காலம் அத்தோடு முடிந்தது.

அதே 1907இல் உலகின் மறுகோடியில் இன்னொரு கடல் உறவு முடிவுக்கு வந்தது. இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து முஸ்லிம் மாலுமிகள் ஆண்டுதோறும் டிசம்பர் அளவில் வடமேல் காற்றில் பாய் விரித்து, அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள ஆர்னெம் நிலத்துக்குப் போவார்கள். அங்கே கடலட்டை பிடித்து, அவித்து, உலர்த்தி, ஏப்ரல் அளவில் தென்கீழ்க் காற்றில் திரும்புவார்கள். சீனத்துச் சந்தைக்குப் போகும் சரக்கு அது. நமது மன்னார்க் கடலட்டையும் சென்று சேரும் அதே சந்தை. அந்தக் கரையின் ஆதிக்குடிகளான யோல்ங்கு மக்கள் இவர்களுடன் சேர்ந்து தொழில் செய்தார்கள். 1803இல் கப்பற் தலைவர் மத்தேயு பிளிண்டர்ஸ் அவுஸ்திரேலியாவைச் சுற்றிவந்தபோது பொபாசூ என்ற மக்காசர்த் தலைவரைக் கண்டு பேசியிருக்கிறார். வெள்ளை அரசு அனுமதி மறுத்ததால் 1907இல் கடைசிப் படகு திரும்பியது.

படகு போய்விட்டது, சொல் போகவில்லை. பருவக்காற்றுக்கு யோல்ங்கு மக்கள் வழங்கும் பர்ரா என்ற சொல் மக்காசரிலிருந்து வந்தது. பணத்தை அவர்கள் ருப்பியா என்கிறார்கள். நமது ரூபாயின் உடன்பிறப்பு. அவர்களுடைய சடங்குப் பாடல்களில் வரும் வலித வலித என்ற பெயரை அல்லாஹ் என்ற சொல்லோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர்களும் உண்டு. மக்காசர் மாலுமிகள் தங்கிய இடங்களில் இன்றும் புளியமரங்கள் நிற்கின்றன. பள்ளிமுனையில் அரபு வணிகர் நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புளியமரங்கள் அந்நியமாகத் தோன்றாது.

யோல்ங்கு மக்களைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் நிலமும் மொழியும் பறிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஐரோப்பாவின் நான்கு பருவங்களே பாடமாக இருந்தன. தென்மேற்கு அவுஸ்திரேலியாவின் நூங்கர் மக்களுக்கோ ஆண்டில் ஆறு பருவங்கள். எந்தப் பூ மலர்ந்தால் எந்த மீன் கொழுக்கும் என்ற கணக்கில் அமைந்தவை அவை. இந்தப் பருவ அறிவை அவர்கள் மீண்டும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். அந்நாட்டு வானிலை நிலையமே ஆதிக்குடிகளின் பருவக் கணக்குகளைத் திரட்டி வெளியிடுகிறது. யேர்க்கலாப் பாடசாலையில் 1970களிலிருந்து இருமொழிக் கல்வி நடக்கிறது. ஆர்னெம் நிலத்தில் 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மூத்தோரும் வனக் காவலரும் ஆசிரியரும் சேர்ந்து மாணவரை நிலத்துக்கும் கடலுக்கும் அழைத்துச் சென்று பாடம் நடத்துகிறார்கள். ஒரே பொழுதில் பாட்டியும் படிப்பிக்கிறாள், விஞ்ஞான ஆசிரியரும் படிப்பிக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதின் அளவில், இளைஞனுக்கு அவன் அளவில்.

நமது கரையிலும் வயதுக்கேற்ற படிப்பு இருந்தது. அதற்குப் பாடத்திட்டம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. சின்னப்பிள்ளை கரையில் மீன் தெரிவு செய்யும்போது மீனின் பெயர்களைப் படித்தது. விடலைப் பையன் வள்ளத்தில் உதவியாளாக ஏறி நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் படித்தான். காற்று எழும்பும் முன் திரும்பும் முடிவை எடுக்கும் பொறுப்பு நடுவயதில்தான் அவன் கைக்கு வந்தது. பெண்களின் படிப்பு வேறு. கருவாடு காயப்போடுகிறவள் மேகத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பனை அவளுடைய நாட்காட்டி. நுங்கு முற்றினால் சோளகம் தொடங்கிவிட்டது. பனம்பழம் விழுந்தால் ஆடி, ஆவணி. மழைக்கு முன் பாத்தி போட்டால் தைக்குக் கிழங்கு. ஒடியலும் பினாட்டும் பஞ்ச காலத்துக்கு. தின்றுகொண்டே படித்த பாடத்தை யாரும் மறப்பதில்லை.

இந்தப் படிப்பு ஒரு வாரத்தில் அறுந்தது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் உடுத்த உடையோடு ஊர் விட்டார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வீடும் வலையும் வள்ளமும் பள்ளிவாசலும் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கவிதையாகவும் கதையாகவும் எழுதியிருக்கிறோம். கணக்கில் வராத இன்னோர் இழப்பு உண்டு. புத்தளத்து அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருபது ஆண்டுகளாக வேறொரு நீரைப் பார்த்து வளர்ந்தார்கள். புத்தளத்துக் களப்பு நல்ல நீர்தான். ஆனால் அது மன்னாரின் இரண்டு கடல் அல்ல. அறிந்தவர் ஓரிடத்திலும் அறியப்பட்ட கடல் வேறோரிடத்திலும் இருந்தால் பாடம் நடப்பதெப்படி? பாட்டன் முகாமில் மௌத்தானபோது அவரோடு ஒரு வாசிகசாலையும் அடங்கியது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. போரில் மன்னாரின் கத்தோலிக்க, இந்து மீனவரும் பல முறை இடம்பெயர்ந்தார்கள். கடலுக்கு இறங்கத் தடை விதிக்கப்பட்ட காலங்கள் நீண்டன. 1983இல் மதுறு ஓயாத் தேசிய வனம் அறிவிக்கப்பட்டபோது வேடர்களுக்கும் அதுவே நேர்ந்தது. காட்டைக் காப்பதற்காகக் காட்டை அறிந்தவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மனிதரை நிலத்திலிருந்து பிரித்தால் அந்த நிலத்தைப் பற்றிய அறிவு ஒரு தலைமுறைக்குள் கதையாகிவிடும்.

2009க்குப் பின் மீளக் குடியேறியவர்கள் பலருக்கு ஊரைக் கண்டுபிடிப்பதே வேலையாயிற்று. முசலிப் பகுதியில் தோட்டமும் வளவும் இருந்த இடத்தில் காடு எழுந்து நின்றது. அது காடா, ஊரா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. பழைய கிணறு எங்கே, எல்லை மரம் எது, எந்தப் பள்ளத்தில் மாரி நீர் நிற்கும் என்று காட்டத் தெரிந்த முதியவரே அங்கே முதற் சாட்சி. நில அறிவு அழகான பழங்கதையாக மட்டும் இருந்துவிடவில்லை. உரிமைக்கான ஆவணமாகவும் ஆயிற்று.

காற்றும் இப்போது வழக்குக்கு வந்திருக்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. பாட்டன்மார் பெயர் சொல்லி அழைத்த சோளகத்தைத்தான் பொறியியலாளர்கள் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் இன, மத வேறுபாடின்றி வீதியில் இறங்கினார்கள். மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது, மீன் கரைக்கு வருவது குறைகிறது, வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் பாதிக்கப்படும் என்பன அவர்களுடைய முறைப்பாடுகள். மின்சாரமும் தேவைதான். ஆனால் நீர் வடியும் வழியைப் பற்றிய ஊராரின் சாட்சியம் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அறிவை அறிக்கைகள் கணக்கில் எடுப்பதில்லை. தொடுவாய் எப்போது திறக்கும், எங்கே மூடும் என்று பெயரிலேயே எழுதிவைத்த மக்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சபையில் எடுத்துச் சொல்ல முடியாமல் நிற்பது வேதனையானது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பருவ ஏடு எழுதலாம். பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொரு மாதத்துக்கும் காற்றின் பெயர், கடலின் நிலை, கிடைக்கும் மீன், பனையிலும் வயலிலும் நடப்பவை, வரும் பறவை. காலபோகத்துக்குக் குளம் எப்போது நிரம்ப வேண்டும், பூநாரைகள் எப்போது இறங்கும் என்பவையும் அதில் வரட்டும். பிறை நாட்காட்டியைப் பக்கத்திலேயே அச்சிடலாம். பாடசாலைப் பிள்ளைகள் முதியவர்களிடம் கேட்டு எழுதட்டும். கேட்கும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடும். முஸ்லிம் ஊரின் ஏட்டைப் பேசாலைப் பிள்ளைகளும் பேசாலையின் ஏட்டை எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளும் படித்துப் பார்க்கட்டும். பிரிந்து வாழ்ந்த காலத்தில் எவர் எதைக் காத்து வைத்தார்கள் என்பது அப்போது தெரியவரும். முஸ்லிம்கள் இல்லாத இருபது ஆண்டுகளும் அந்தக் கடலை அறிந்து வைத்திருந்தவர்கள் அயலவர்களே. அவர்களிடம் கேட்டுப் படிப்பதில் வெட்கமில்லை.

எழுத்தாளர்களான நமக்கும் ஒரு பங்கு உண்டு. இழந்த ஊரைப் பற்றி எழுதும்போது கண்ணீரை நிறைய எழுதிவிட்டோம். அந்த ஊரில் ஐப்பசியில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசியது என்பதை எத்தனை கதைகளில் எழுதியிருக்கிறோம்? வருங்காலப் பேரன் நம் கதையைத் திறந்து பார்க்கும்போது அவனுக்குத் துக்கம் மட்டும் கிடைத்தால் போதாது. திசையும் கிடைக்க வேண்டும்.

ஓலைத்தொடுவாய்க் கரையில் ஆடி மாதம் ஒரு பிள்ளை நின்று, இது என்ன காற்று என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்: சோளகம்.